நாலாவது வரி

மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் என் முட்டியும் இங்கே சௌக்கியம். இரண்டு பேரில் முட்டிதான் இப்போது அதிகம் பேசுகிறது. உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லாரும் நலமா? தனியாளாக இருக்கும் உங்களிடம் இத்தனை வருடம் 'எல்லாரும்' என்று கேட்டது வெறும் பழக்கம். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தச் சொல்லுக்குள் ஒரு ஆள் இருப்பதால் இப்போது அக்கறையாகவே கேட்கிறேன்.

உங்கள் தங்கை பத்திரமாக வந்து சேர்ந்திருப்பாள். "அண்ணனோட அகராதி ஆபீஸ்ல அட்டை அடுக்க ஆள் இல்லையாம். பத்து நாள் போயிட்டு வரேன்" என்றாள். பத்து நாளுக்கு எதற்கு மூன்று ஜோடிச் செருப்பும் கம்பளியும் என்று நான் கேட்கவில்லை. இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன், கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பிழைக்க முடியுமா?

கடை ஓடுகிறது என்று சொல்லலாம், எந்தப் பக்கம் என்று கேட்காதவரை. நான் உள்ளறையில் ஒருவரை உட்கார வைத்து "இது தெளிவா, அது தெளிவா" என்று லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே கவுண்டரில் மணி அடிக்கிறார்கள். அங்கே ஓடினால் உள்ளே இருப்பவர், "எதுவுமே தெளிவா இல்லைங்க, நீங்களே காணோம்" என்று கத்துகிறார். நேற்று தையல்காரருக்குப் பல் டாக்டரின் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். சட்டையின் கை கோணலாய்ப் போனால் பிரித்துத் தைக்கலாம். தையல்காரரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாக்டர் யார் வாயில் என்ன செய்தார் என்பதை விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூர்மையான பேச்சுக்கு உண்டான சொற்களை இப்போது நீங்கள் பிரித்துக்கொண்டிருப்பதாகப் பாப்பா சொன்னாள். (நாற்பத்தேழு வயதிலும் உங்கள் குடும்பத்தில் அவள் பாப்பாதான். எனக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போகிறது.) மச்சான், அந்தச் சரக்குக்கு என்னை விட்டால் வேறு ஆள் ஏது? வாரப் பத்திரிகையில் பதினோரு வருடமாக அரைப்பக்கம் எழுதுகிறேன். முழுப்பக்கம் ஏன் தரவில்லை என்பது ஆசிரியருக்கும் எனக்கும் உள்ள விவகாரம். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஒரு வரி போடுங்கள், கூடை கூடையாக அனுப்புகிறேன்.

தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள். மேலே சொன்ன எல்லாருக்கும் என் விசாரிப்பு.

உங்கள் மாப்பிள்ளை

மார்ச் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேசாமல் இருந்தால் தொண்டை வலிப்பதில்லை. பேசாமல் இருக்க இந்த ஆபீஸைப் போல் தோதான இடம் கிடையாது. முட்டிக்குக் காலையிலும் மாலையிலும் எண்ணெய் தடவவும்.

அட்டைகளைத் தாராளமாக அனுப்பலாம். ஆனால் முறை தெரிந்துகொண்டு அனுப்பவும். நாங்கள் மூன்று பேர், இரண்டு மேஜை, செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய நூற்று அறுபது பெட்டிகள். ஒரு சொல்லுக்கு ஒரு பெட்டி. பழைய அகராதிகளில் நறுக், சுருக், வெடுக், குத்தல், கிண்டல், எள்ளல் எல்லாவற்றுக்கும் ஒன்றின் பொருளை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். அதைப் பிரிப்பதற்காக ஒவ்வொரு அட்டையிலும் நான்கு வரி கேட்கிறோம். முதல் வரி சொல். இரண்டாவது, உண்மையிலேயே பேசப்பட்ட பேச்சு. மூன்றாவது, யார் யாரிடம் சொன்னது. நாலாவது, கேட்டவர் என்ன செய்தார்.

நாலாவது வரி இல்லாத அட்டை எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. சொன்னவரைக் கேட்டால் எல்லாமே கிண்டல் என்றுதான் சொல்வார். அதனால் கேட்டவரைப் பார்க்கிறோம். ஒருவர் அரைமணி நேரம் சுற்றி வளைத்துப் பேசியதும் எதிரில் இருந்த அம்மாள், "ஆக, செய்ய மாட்டீங்க" என்றார். அவர் "ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டு எழுந்து போனார். அது நறுக். அங்கே சிரித்துப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வலித்தால் சுருக். பத்துப் பேர் நடுவில் ஒருவருக்கு மட்டும் புரிந்தால் குத்தல். கேட்டவர் பதிலுக்கு ஒன்று கொடுக்க இடம் இருந்தால் கிண்டல். மற்றவை போகப் போக.

பாப்பா அட்டைகளை ஒழுங்காக அடுக்குகிறாள்.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 25

அன்புள்ள மச்சானுக்கு,

எண்ணெய் தடவினேன். இப்போது முட்டி வழுக்கிக்கொண்டு சத்தம் போடுகிறது. உங்கள் தொண்டைக்கு மிளகு நல்லது என்று பல் டாக்டர் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்கலாமா என்று இப்போதைய நிலையில் எனக்குத் தெரியாது.

இத்துடன் நாற்பது அட்டைகள். எல்லாம் கடையில் பிடித்த உயிர்ச் சரக்கு. மாதிரிக்கு ஒன்று, மேலாக வைத்திருக்கிறேன். டிராயிங் மாஸ்டர் புதுக் கண்ணாடியைப் போட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதப் போட்டா வயசானவன் மாதிரி தெரியறேனே" என்றார். நான், "இல்லீங்க, இத்தனை நாளா உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன். கடையே அதிர்ந்தது. நாலாவது வரி: சிரித்தார். நறுக் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இதை வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நான்கு வரி முறை பிரமாதம். கண்ணாடிக் கடையிலும் இதேதான். லென்ஸ் நல்லதா என்று லென்ஸைக் கேட்டால் சொல்லுமா?

ஒரு சின்னச் சந்தேகம். பத்து நாள் என்பதற்கு உங்கள் அகராதியில் எத்தனை நாள் போட்டிருக்கிறீர்கள்? அவசரமில்லை. சும்மா, மொழி ஆர்வம். போன் செய்தால் அந்தப் பக்கம் மணி மட்டும் அடிக்கிறது. எல்லாரும் அட்டை அடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மிளகு போட்டேன். எரிச்சல் தாங்காமல் வலி மறந்துபோயிற்று. டாக்டருக்கு நன்றி.

நாற்பது அட்டைகளும் பார்த்தோம். முப்பத்தெட்டில் நாலாவது வரி 'சிரித்தார்' என்றே இருக்கிறது. மற்ற இரண்டில் 'விழுந்து விழுந்து சிரித்தார்'. உங்கள் ஊரில் கண் தெரியாதவர்கள் எல்லாரும் இவ்வளவு சந்தோஷமாகவா இருக்கிறார்கள்? எல்லாருமே சிரித்தால் நான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். ஒரு யோசனை சொல்கிறேன். கேட்டவரின் வாயைப் பார்க்க வேண்டாம். வாய் மரியாதைக்குச் சிரிக்கும். கையைப் பார்க்கவும்.

இன்னொன்று. 7, 19, 23 ஆகிய அட்டைகளில் சொன்னவர் நீங்கள் என்று இருக்கிறது. இங்கே கிடைத்த தகவலின்படி அந்த மூன்றையும் சொன்னவர் பாப்பா; நீங்கள் பத்திரிகையில் எழுதியது பிறகு. மூன்றாவது வரியைத் திருத்தி நறுக் பெட்டியில் போட்டிருக்கிறோம். அந்தப் பெட்டிக்கு உங்களிடமிருந்து இதுவரை வந்தது அந்த மூன்று மட்டும்தான்.

பத்து நாள் என்ற சொல் எங்கள் வேலையில் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
மச்சான்

ஏப்ரல் 15

அன்புள்ள மச்சானுக்கு,

எரிச்சலில் வலியை மறந்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று என் முட்டியும் வலிக்கவில்லை.

7, 19, 23 பற்றி என்ன சொல்ல? ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது யார் வாயில் எது முதலில் வந்தது என்று பட்டா போட்டா வைத்துக்கொள்ள முடியும்? சரி, அவள் சொன்னதுதான். 31-ம் அவளுடையதுதான். நீங்கள் கண்டுபிடிக்காததால் நானே சொல்லி என் நாணயத்தை நிலைநாட்டிக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி ஒரு வாரமாகக் கைகளைப் பார்க்கிறேன். இது ஒரு கெட்ட பழக்கம், மச்சான். வாய் சிரிக்கும்போது கை பையின் ஜிப்பைத் திறந்து மூடுகிறது. ஒரு அம்மாள் நான் சொன்னதற்குக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே, அதுவரை ஆசையாய்ப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு பிரேமை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, "அந்த கறுப்பே குடுங்க" என்றார். அந்த டிராயிங் மாஸ்டர், காம்பைச் சரிசெய்ய விட்டுப்போன கண்ணாடியை எடுத்துப்போக வரவே இல்லை. நாலு வாரமாக டப்பாவில் கிடக்கிறது. அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது.

போகட்டும். இதெல்லாம் வெளியார் சமாச்சாரம். சுத்தமான கிண்டல் ஒன்று அனுப்புகிறேன். பிப்ரவரியில் கடையின் இருபதாம் ஆண்டுக்கு டீ கொடுத்தோமே, தொண்டை கட்டியதால் நீங்கள் வர முடியவில்லை. நாற்பது பேர். எல்லாரும் இரண்டு வார்த்தை சொன்னார்கள். கடைசியில் பாப்பா எழுந்தாள். கையில் நாலு பக்கம். அவள் அதை விரித்தபோது நான், "எல்லாரும் சாஞ்சு உக்காந்துக்குங்க, நாலு பக்கம் இருக்கு. தூங்கறவங்களுக்கு வசதியா லைட்ட வேணா அணைச்சிடறேன்" என்றேன். பல் டாக்டருக்கு டீ புரையேறிவிட்டது. பாப்பாவும் சிரித்தாள். கையை நான் அப்போது பார்க்கவில்லை. இந்த வித்தை எனக்கு அப்போது தெரியாது. அட்டை இத்துடன்.

சொல்: கிண்டல்.
பேச்சு: மேலே உள்ளது.
யார் யாரிடம்: கணவன், மனைவியிடம்.
கேட்டவர் என்ன செய்தார்: சிரித்தாள்.

எல்லாருக்கும் விசாரிப்பு. கம்பளி போதுமானதாக இருக்கிறதா என்றும் கேட்கவும்.

உங்கள் மாப்பிள்ளை

ஏப்ரல் 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். கம்பளி போதுமாம்.

கிண்டல் அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். அதை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தபோது நாலாவது வரியில் 'சிரித்தாள்' என்பதற்குப் பிறகு 'தாளை மடித்தாள்' என்று சேர்ந்திருந்தது. எழுதியது நான் இல்லை. மற்ற இரண்டு பேரும் இல்லை. கையெழுத்து உங்களுக்கே தெரிந்ததாக இருக்கும். இருபது வருடமாக உங்கள் கடை பில்களில் இருப்பதுதான்.

கேட்டவரே எழுதிய நாலாவது வரியை ஆசிரியர் திருத்த எங்கள் விதியில் இடமில்லை. தாளை மடித்துவிட்டவருக்குப் பதில் சொல்ல இடம் எங்கே? ஆகவே இது கிண்டல் பெட்டிக்குப் போகாது. வேறு எந்தப் பெட்டி என்று நீங்களே யோசித்து எழுதவும்.

அன்புடன்,
மச்சான்

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் எழுதி ஐந்து வாரமாகியும் பதில் இல்லை. முட்டி மோசமா? விரலுக்கும் பரவிவிட்டதா?

வாரப் பத்திரிகையில் உங்கள் அரைப்பக்கத்தில் மூன்று வாரமாக அழகுக் குறிப்பு வருகிறது. இங்கே ஒருவர், பத்திரிகை வந்ததும் நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்புகிறார். பிறகு, திருப்பியதற்காக, உட்கார்ந்து அழகுக் குறிப்பைக் கடைசிவரை படிக்கிறார். போன வாரம் முழங்கைக் கறுப்புக்கு எலுமிச்சை என்று போட்டிருந்தார்கள். "இது அவர் எழுதினதவிடப் பரவால்ல" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கே குழப்பம்.

வேலை முடியும் நிலையில் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு இனி அட்டை அடுக்க ஆள் தேவைப்படாது. அடுத்த பகுதிக்கு வேண்டும். அது இரண்டு வருட வேலை. நிரந்தரமாகவே இருக்கட்டுமா என்று பாப்பா கேட்டிருக்கிறாள். ஜூலைக்குள் யோசித்து முடிவாகப் பதில் சொல் என்று சொல்லியிருக்கிறேன். தகவலுக்காக எழுதினேன்.

எண்ணெயை நிறுத்த வேண்டாம்.

அன்புடன்,
மச்சான்

ஜூன் 13

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். முட்டியும் நலம். உங்கள் தொண்டையைக் கேட்டதாகச் சொல்லவும்.

இந்த ஐந்து வாரத்தில் பதினோரு கடிதம் எழுதினேன். எல்லாமே நன்றாக வந்திருந்தன. நாலாவது பத்தியில் நானே சிரித்துவிட்டேன். அதனால் கிழித்துப்போட்டேன்.

ஒரு சங்கதி. அந்த நாலு பக்கத்தையும் பாப்பா எழுதியது கடையில் பவர் எழுதும் பேடில். இரண்டு வாரம் கவுண்டரில் உட்கார்ந்து எழுதினாள். நடுவில் ஒருமுறை உள்ளே வந்து, "'பெருமை'ன்னு போடலாமா, 'சந்தோஷம்'னு போடலாமா?" என்று கேட்டாள். "ரெண்டையும் போடு, சீக்கிரம் தூக்கம் வரும்" என்றேன். ஆக, அந்த டீயில் நான் சொன்னது புதுச் சரக்குகூட இல்லை. ஏற்கெனவே ஒத்திகை பார்த்தது.

அவள் அழுத்தி எழுதுகிறவள். போன வாரம் பேடை எடுத்தபோது, அவள் கடைசியாகத் திருத்தி எழுதிய முதல் பக்கத்தின் தடம் அடுத்த தாளில் தெரிந்தது. நம்மிடம்தான் பூதக்கண்ணாடிக்குக் குறைவில்லையே. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். முதல் வரி படிக்க முடிந்தது. 'எனக்குப் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் யாரும் சிரிக்காதீர்கள்.'

இரண்டாவது வரியும் தெரிந்தது. படிக்கவில்லை. பேடைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தப் பேடு தீர்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

டிராயிங் மாஸ்டர் வீட்டுக்கு நானே கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "டீ குடிக்கறீங்களா?" என்றார். குடித்தேன். அவர் பழைய கண்ணாடியை ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்.

அட்டையைத் திருத்தி அனுப்புகிறேன்.

சொல்: தெரியவில்லை. சொன்னவனுக்குத் தெரியாது.
பேச்சு: முன்பு எழுதியதே.
யார் யாரிடம்: கணவன், மனைவியிடம், நாற்பது பேர் முன்னால்.
கேட்டவர் என்ன செய்தார்: சிரித்தாள். தாளை மடித்தாள். "நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். எல்லாரும் போனபின் கோப்பைகளைக் கழுவினாள்.
சொன்னவர் என்ன செய்தார்: இன்னொரு டீ குடித்தார்.

ஐந்தாவது வரி உங்கள் முறையில் இல்லை. தெரிந்துதான் எழுதினேன்.

வேலை விஷயமாக நான் சொல்ல ஒன்றுமில்லை. அவள் நன்றாக அடுக்குவாள்.

உங்கள் மாப்பிள்ளை

ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். இரண்டு நாளாகத் தொண்டையைப் பற்றி நினைக்கவே இல்லை.

அட்டை எள்ளல் பெட்டிக்குப் போயிற்று. நான் குத்தலா எள்ளலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒருவர் வந்து, "குத்தல்னா ஒருத்தருக்குத்தான் புரியும், இது நாப்பது பேருக்கும் புரிஞ்சுது" என்று சொல்லி எடுத்துப் போட்டுவிட்டார். சரியான காரணம்.

ஐந்தாவது வரியை அடித்துவிடலாம் என்றேன். அதற்கும் எதிர்ப்பு. "இருக்கட்டும்ணா" என்றார். ஆபீஸில் உள்ள பத்தாயிரத்துச் சொச்சம் அட்டைகளில் ஐந்து வரி உள்ளது இது ஒன்றுதான். அச்சில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அன்புடன்,
மச்சான்

ஜூலை 2

என்ன சொல்லிக் கூப்பிட்டு ஆரம்பிப்பது என்று தெரியாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முட்டி எப்படி இருக்கிறது? நான் நலம்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். நாலு பக்கம் இங்கே ஆறு பக்கம் ஆகிவிட்டது. அதைப் படிக்கத்தான் வருகிறேன். படித்து முடித்த பிறகுதான் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கே தெரியும். ஆகையால் பெட்டி கொண்டுவரவில்லை, ஒரு பைதான். யாரையும் கூப்பிட வேண்டாம். நீங்கள் மட்டும் போதும்.

லைட்டை அணைக்க வேண்டாம்.

பாப்பா

ஜூலை 11

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் சுகத்துக்கு விசாரிப்பு. இங்கே இரண்டு பேர் நலம். முட்டி நலமில்லை, காரணம் கீழே வரும்.

சனிக்கிழமை கடையை மூடிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு ஜோடிச் செருப்போடு வந்து இறங்கினாள். அதைத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, பையிலிருந்து தாளை எடுத்தாள். கடையில், கவுண்டருக்குப் பின்னால், அவள் இடத்தில் நின்றுகொண்டு படித்தாள். நான் வாடிக்கைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது வருடத்தில் அதில் நான் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. யாரும் சொல்லவில்லை, பாருங்கள்.

முதல் மூன்று பக்கத்தில் கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். நாலாவது பக்கத்தில் நான் வருகிறேன், நல்லவிதமாக. அதுவரை பிப்ரவரியில் எழுதியது. ஐந்தும் ஆறும் அங்கே எழுதியவை. அவற்றிலும் நான் வருகிறேன். அதைப் பற்றி உங்களுக்கு எழுதப்போவதில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு இடம் வந்தது, மச்சான். அப்படி ஒரு இடம் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஒரே ஒரு சொல் போட்டால் போதும். தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் ஐந்தாம் பக்கம் போய்விட்டாள்.

கடைசி அட்டை:

சொல்: நறுக் என்று நினைக்கிறேன். நீங்களே பார்த்துப் போடவும்.
பேச்சு: "லைட்டை அணைக்க வேண்டாம்."
யார் யாரிடம்: மனைவி, கணவனிடம்.
கேட்டவர் என்ன செய்தார்: எல்லா லைட்டையும் போட்டார். உட்கார்ந்தார். ஆறு பக்கமும் முடியும்வரை முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை

பி.கு. அண்ணா, கடிதத்தைப் படித்தேன். நாலாவது வரி சரியாக இருக்கிறது, நான் பார்த்தேன். அடுத்த பகுதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும். மீதி இரண்டு ஜோடிச் செருப்பும் கம்பளியும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. செருப்பை முதலில் அனுப்பு. கம்பளி மெதுவாக வந்தால் போதும்.